கரண்டு வெயில்

சென்னியப்பன் வருகிறார் என்றால் முதலில் வேட்டி வரும். சரசரவென்று அந்தச் சத்தம் ஹாலுக்குள் நுழைந்த பிறகுதான் ஆள் நுழைவார். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பும் நெல்வயலும் வைத்திருக்கிறவர்களில் கஞ்சி போட்ட வேட்டி கட்டுகிறவர் அவர் ஒருத்தர்தான் என்று சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள். ஆனால் படுக்கும்போதும் அதையே கட்டிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் படுக்கிறவர் அவர் ஒருத்தர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகும் அந்த விறைப்பு குறையவில்லை. மருமகள் யோகப்பிரியாவுக்கு அந்தச் சத்தம் ஒரு வசதியாக இருந்தது. மாமனார் வருவது தெரிந்தால் டி.வி. சத்தத்தைக் குறைக்கலாம், போனில் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பேச்சை மழைக்கு மாற்றலாம்.

மழை என்றதும்தான் அந்த மிஷின் வருகிறது. யோகப்பிரியாவின் புருஷன் பிரதீப்புக்கு மின்வாரியத்தில் வேலை, பள்ளிவாசல் என்கிற மலையூரின் பவர்ஹவுஸில். மலையில் மழைக்காலத்தில் துணியைக் கொடியில் போட்டால் போட்டதைவிட ஈரமாக எடுக்கலாம். அங்கே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்கள் துணி காயவைக்கிற மிஷின் வைத்திருந்ததைப் பார்த்தவன், லீவில் வந்தபோது சித்தூர் வீட்டுக்கும் ஒன்றை வாங்கி வர்க் ஏரியாவில், வாஷிங் மிஷினுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனான். சமையலறைக்குப் பின்னால் கம்பி அடித்த அந்த இடத்தில் அது ஒரு புது மாப்பிள்ளை மாதிரி வெள்ளையாக நின்றது.

சென்னியப்பன் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இவன் மலை மேல தண்ணிய உருட்டிக் கரண்டு எடுக்கறான். அந்தக் கரண்ட இங்க கொண்டாந்து நாம ஜட்டி காயப்போடறோம். சும்மா கெடைக்கற வெயிலுக்குப் பில்லு கட்டற ஊடு நம்மூடு ஒண்ணுதான்" என்றார். அன்றே அதற்குக் 'கரண்டு வெயில்' என்று பேரும் வைத்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்கூட்டுக் கரண்டு வெயிலப் பாத்தீங்களா" என்று கேட்டுச் சிரித்தார். யோகப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆடி மாசம் பூராவும் அடிக்கிற சாரலில் சூரியனை எங்கே போய்த் தேடுவது என்று கேட்க நினைத்ததைக் கேட்காமல் விட்டாள்.

போன வருஷ மழைக்கு மிஷின் நன்றாகத்தான் உழைத்தது. இந்த ஆடியில்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. துணியைப் போட்டு பட்டனை அமுக்கினால் சுற்றும், சூடாகும், கொஞ்ச நேரத்திலேயே வேலை முடிந்ததென்று மணியடிக்கும். திறந்து தொட்டுப் பார்த்தால் துணி சொதசொதவென்று இருக்கும். மறுபடி போட்டால் மறுபடி மணியடிக்கும். சொன்ன வேலையைச் செய்யாமலேயே செய்துவிட்டேன் என்று சொல்கிற ஆட்களோடு பாங்கில் காலந்தள்ளுகிறவள் அவள். வீட்டிலும் ஒன்று வந்து வாய்த்ததே என்று ஆத்திரமாக வந்தது.

அவளும் சும்மா இருக்கவில்லை. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டாள். ஃபில்டரைச் சுத்தம் பண்ணுங்க மேடம் என்றார்கள். ஃபில்டரை உருவினால் தலையணைப் பஞ்சு மாதிரி நூல்தூசி அப்பியிருந்தது. எடுத்துக் கழுவி உலர்த்திப் போட்டாள். துணியைக் குறைச்சலாகப் போடுங்க மேடம் என்றார்கள். பாதியாகக் குறைத்தாள். பின்னால் சூடான காற்று வெளியே போகிற குழாய் அடைத்திருக்கிறதா பாருங்க மேடம் என்றார்கள். குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. துடைப்பத்தால் அதைக் குத்தியெடுத்து, கையில் ஒரு கொட்டும் வாங்கினாள். வோல்டேஜ் குறைவாக இருக்குமோ என்று சாயங்காலம் போடுவதை நிறுத்திக் காலையில் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் சரியான மாதிரி இருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும்.

அதோடு ஒரு நாற்றம். ஈரத்துணியின் மக்கல் வாடை என்றுதான் முதலில் நினைத்தாள். முகர முகர அதற்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

பிடித்துக்கொடுத்தது பாங்கில் பக்கத்து சீட்டு ஜோமோள். ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தவள், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பிறகு மனசு கேட்காமல் குனிந்து, "சேச்சி, ஒண்ணும் தோணருது, தப்பா எடுத்துக்கக் கூடாது. சாரியில ஒரு மணம் உண்டு. வீட்டுல குழந்தை ஆராவது வந்திருக்கா?" என்று கேட்டாள்.

குழந்தை. அதேதான், குழந்தை நனைத்த துணியின் மணம். யோகப்பிரியாவுக்குக் காதுமடல் எரிந்தது. கவுன்ட்டருக்கு வருகிறவர்களெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரியே தோன்றியது. சாயங்காலம் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் கதவுப் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு நின்றே வந்தாள். வருகிற வழியெல்லாம் ஒரே கேள்வி. என் வீட்டில் குழந்தை ஏது?

குழந்தை இருந்தது கமலாத்தாள் வீட்டில். மாடு கறப்பதும் வாசல் கூட்டுவதும் துணி துவைப்பதும் கமலாத்தாள்தான். வாய்க்காலோரத்து வீடு அவளுடையது. மகள் பிரசவத்துக்கு வந்து பேரன் பிறந்திருந்தான். விடியற்காலையில் யாரும் எழுவதற்கு முன்னால் கமலாத்தாள் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வருவாள், சாவி இருக்கிற இடம் அவளுக்குத் தெரியும். அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இந்த வாரத்தில் ஒருநாள் காலை காப்பி போட வந்த யோகப்பிரியா யதேச்சையாக மிஷின் மேல் கையை வைத்தாள். சுட்டது. ராத்திரியே நிறுத்திய மிஷின் விடியலில் ஏன் சுட வேண்டும்? அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் சித்தூர் ஸ்டாண்டில் திரும்பியபோது எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தாள். அப்படி விளங்கியது மாதிரி தோன்றுகிற நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீராவது குடித்துவிட்டு வாயைத் திறக்கலாம். அவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

ஹாலில் சென்னியப்பன் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கற்பகம் உறைமோர் வாங்க வந்து, வந்த வேலையை மறந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். பால் பாத்திரத்தோடு பின்னாலிருந்து கமலாத்தாள் வந்தாள்.

"கமலாக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும்" என்றாள் யோகப்பிரியா. "உங்க பேரனோட மூத்திரத்துணிய எங்க மிஷின்லயா காயப்போடறீங்க?"

கமலாத்தாள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இல்லீங் அம்மிணி."

"விடியால மிஷின் சுடுது. துணியெல்லாம் நாறுது. பாங்குல என்ற மானம் போகுது. நீங்க போடலீன்னா பின்ன யாரு போட்டது? நானா? மாமாவா?"

மாமாவா என்பதை எதற்குச் சேர்த்தாள் என்றால், உலகத்தில் நடக்கவே நடக்காத ஒன்றைச் சொன்னால்தான் கேள்விக்கு ஒரு கனம் வரும் என்பதற்காக.

கமலாத்தாளின் கண் ஒரு தடவை சாய்வு நாற்காலிப் பக்கம் போய் வந்தது. "நான் அப்படிப்பட்டவ இல்லீங்" என்றாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள். கற்பகம், "அப்படிப் போகுதா சங்கதி" என்று நாடியில் விரலை வைத்தாள். மறந்திருந்த உறைமோர் இப்போது ஞாபகம் வர, அதை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தாள். போகிற வேகத்திலேயே சங்கதி ஊருக்குள் போய்விடும் என்று தெரிந்தது.

சென்னியப்பன் பேப்பரைத் திருப்பினார். கமலாத்தாளை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பொறுக்காதவர் அவர். நாலு வார்த்தை திட்டு விழும் என்று யோகப்பிரியா எதிர்பார்த்துத்தான் நின்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சரி, அவருக்கும் நியாயம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கமலாத்தாள் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மாடு யோகப்பிரியாவை உதைத்தது. மாமனாரின் வேட்டிக்குக் கஞ்சி போட அவளே உட்கார்ந்தாள். பாதிக் கஞ்சி கட்டி தட்டி, வேட்டி இஸ்திரிக்குப் பிறகும் அங்கங்கே மேடும் பள்ளமுமாக நின்றது. அவர் ஒன்றும் குறை சொல்லாமல் கட்டிக்கொண்டார். குறை சொல்லாதது அவளுக்கு உறுத்தியது. அதைவிட உறுத்தியது இன்னொன்று. கமலாத்தாள் வராமலேயே துணியில் அந்த நாற்றம் இருந்தது. பழைய நாற்றம், போகக் கொஞ்ச நாள் ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையில் மிஷினின் மேல் கை வைத்துப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். வைத்து, சுட்டுவிட்டால் என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்மா முடித்துக்கொண்டு சிராஜ் வந்தான். பாலக்காடு டவுனில் மிக்ஸி, ஃபேன் கடை வைத்திருக்கிற குடும்பம். இவன் இந்த மாதிரி பெரிய மிஷின்களுக்கு சர்வீஸ் பண்ணப் போவான். யோகப்பிரியா அரைநாள் லீவு போட்டிருந்தாள். அவன் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன் உள்ளிருந்தே குரல் கொடுத்தான்.

"அக்கா, சுர்க்கா இருக்கா?"

"சுருக்காவா? சுருக்கா முடிச்சாச் சந்தோசந்தான் தம்பி. எனக்கும் வேலை இருக்குது."

தலையை வெளியே எடுத்துச் சிரித்தான். "அது இல்லக்கா. விநாகிரி, வினிகர். எங்க ஊட்டுல சுர்க்கான்னுதான் சொல்வோம். தொடைக்கறதுக்கு."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான். ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இங்க பாருங்க" என்று உள்ளே காட்டினான். ஃபில்டர் வாய்க்குக் கீழே இரண்டு சின்ன உலோகப் பட்டைகள். "இதான் இதுக்கு நாக்கு. துணி சுத்தறப்ப இதுல பட்டுப் பட்டுப் போகும். ஈரம் பட்டா, இன்னும் காயலைன்னு ஓடும். ஈரம் படலைன்னா, காஞ்சிருச்சுன்னு மணி அடிக்கும். உங்க மிஷினுக்கு நாக்குல மாவு அப்பியிருக்கு. ஈரம் பட்டாலும் தெரியறதில்ல. அதான் பாதியிலயே நிக்குது."

நகத்தால் சுரண்டினான். வெள்ளையாகச் செதில் செதிலாக வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தான்.

"கஞ்சி. கஞ்சி போட்ட துணிய இதுல போடறதுண்டா?"

"இல்லையே. மாமாவோட வேட்டிக்கு மட்டும்தான் கஞ்சி. அது வெளியில காயும், மழைன்னா அடுப்படிக் கொடியில காயும். இதுல போடறதே இல்லை."

"புதுசா கஞ்சி போட்டது இல்லக்கா. கட்டின வேட்டி மறுபடி நனைஞ்சா கஞ்சி இளகும். அத அலசாம அப்படியே போட்டுக் காயவெச்சிருக்காங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, நெறைய." பட்டையை முகர்ந்தவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். குரலையும் தாழ்த்தினான். "மழையில நனைஞ்சது இல்லக்கா. உப்பு வெளுத்திருக்கு."

ஹாலில் பேப்பர் திருப்புகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

யோகப்பிரியா ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சாயங்காலக் காப்பியை மாமா எப்போது நிறுத்தினார்? வயிறு சரியில்லை கண்ணு, என்றாரே. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தண்ணீர்கூட அரை டம்ளர்தான். தூங்கப்போகும் முன் தோப்புப் பக்கம் எத்தனை தடவை போய் வருவார். வயசானால் இதெல்லாம்தான் என்று அவள் ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்ததுண்டா? குழாயைத் திறந்தால் சத்தத்தில் யாராவது எழுந்துவிடுவார்கள் என்று பயந்து, அலசாமலேயே, இருட்டில் தடவித் தடவி, பகலெல்லாம் கேலி பண்ணுகிற மிஷினுக்குள் அதைப் போட்டுவிட்டு, மணியடிப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டுமென்று அதன் முன்னாலேயே நின்றிருப்பார். நானா, மாமாவா, என்று அவள் கத்தினாளே, அதையும் உட்கார்ந்து கேட்டாரே. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சிராஜ் அவள் பதிலுக்காக நின்றான். அவள் ஹாலுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "நான்தான் தம்பி போட்டேன். கஞ்சி போட்டது ஆகாதுன்னு தெரியாது."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். "பரவால்லக்கா. இனிப் போடறதா இருந்தா நல்லா அலசிட்டுப் போடுங்க, ஒண்ணும் ஆகாது. மாசத்துக்கொரு தடவை சுர்க்கா தொட்டு இதத் தொடச்சுருங்க" என்றான். துடைத்து முடித்துத் துணியைப் போட்டு ஓட்டிக் காட்டினான். இந்தத் தடவை மணியடித்துத் திறந்தபோது துணி வெதுவெதுப்பாக, நன்றாகக் காய்ந்திருந்தது. எத்தனை நாளாகக் காத்திருந்தது இது. அதைக் கையில் வாங்கியபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு வாய்க்காலோரம் போனாள். கமலாத்தாளின் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது குழந்தைத் துணிதான். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி வரிசையாகப் போட்டிருந்தது. எல்லாவற்றிலும் புகை வாடை. எல்லாம் வெள்ளைத் துணி. ஓரத்தில் ஒன்றில் மயில்கண் கரை தெரிந்தது. பழசாகிவிட்டது, பிள்ளைக்கு ஆகும் எடுத்துக்கோ என்று மாமனார் கொடுத்த வேட்டிகள், கிழித்துச் சதுரமாக மடித்திருந்தன. யோகப்பிரியா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருங் அம்மிணி" என்றாள் கமலாத்தாள். உட்காரச் சொன்ன குரலில் உபசாரம் இல்லை.

"தப்புப் பண்ணிட்டனுங்க்கா. மிஷின்ல போட்டது நீங்க இல்லை. யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அப்பவே தெரியுங். தொவைக்கறவளுக்குத் தெரியாமப் போகுமா? காஞ்ச வேட்டியத் தொவைக்கப் போடுவாரு, கஞ்சி ஒரு பக்கம் இருக்கும் ஒரு பக்கம் இருக்காது. சித்திரையிலயே தெரியுங்."

"அப்ப ஏங்க்கா அன்னைக்குச் சொல்லலை? மாமா மானம் போயிரும்னுதானே?"

கமலாத்தாள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "அவரு மானத்துக்காக நான் வாய மூடினேன்னு என்னயப் பெரிய மனுசியாக்காதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தனுங். சொன்னாலும் நம்பமாட்டீங்கன்னு அதுலயே எழுதியிருந்துச்சு. திருட்டுத்தனமும் பண்ணிப்போட்டுப் பெரியவரு மேல பழியப் போடறா பாருன்னு அதுக்கும் சேத்து வாங்கிக் கட்டியிருப்பேன். இத்தன வருசமா உங்கூட்டுல சோறு தின்னிருக்கறேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இவ செஞ்சிருப்பாளான்னு நீங்க யோசிச்சிருந்தா நான் பேசியிருப்பேன்."

உள்ளே குழந்தை சிணுங்கியது, கமலாத்தாளின் மகள் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. "நாளைக்கு வாங்கக்கா" என்றாள் யோகப்பிரியா.

"வாரனுங். மாட்டுக்காக வாரேன், அது உங்க கைக்குப் பால் விடாது. ஆனா ஒண்ணு. ஹால்ல வெச்சுக் கேட்டீங்க, கற்பகம் முன்னால கேட்டீங்க. அதே எடத்துல, அவ முன்னாலயே, நான் போடலைன்னு சொல்லோணும். பால் ஊத்த சொஸைட்டிக்குப் போனா 'மிஷின்காரி வந்துட்டா'ங்கறாளுக. புள்ளயப் பெத்த எம்மக கேக்கறா, என்ற பையன் மூத்திரத்துக்கு ஊரே கதை பேசுதான்னு."

"சொல்றேன். யாரு போட்டதுன்னு அவ கேட்டா?"

"அது உங்க பாடுங்" என்று கமலாத்தாள் கயிற்றில் இருந்த துணியைத் திருப்பிப் போட்டாள்.

திரும்பி வருகிற வழியில் யோகப்பிரியாவுக்குக் குடை இருந்தும் பாதி நனைந்துவிட்டது. கமலாத்தாள் பேரைக் கழுவ வேண்டும், கழுவுகிற தண்ணீர் மாமனார் மேல் தெறிக்கக் கூடாது. கற்பகத்துக்கு ஒரு நுனி கிடைத்தால் போதும், இழுத்து இழுத்துப் பூராவும் உருவிவிடுவாள். நாளைக்கு மில்லில், கோயிலில், கல்யாண வீட்டில், இவர் சரசரவென்று நடந்து போகும்போது பின்னாலிருந்து சிரிப்பார்கள். இரண்டு பேரையும் இந்த நிலையில் நிறுத்தியது வேறு யாரும் இல்லை. அவளுடைய வாய்தான்.

மறுநாள் காலை கமலாத்தாள் வந்து மாடு கறந்தாள். யோகப்பிரியா கற்பகத்தை உறைமோர் வாங்கிப்போகச் சொல்லிக் கூப்பிட்டாள். சென்னியப்பன் அதே நாற்காலியில் அதே பேப்பரோடு இருந்தார்.

"கற்பகக்கா, அன்னைக்கு உங்க முன்னாலதான் கமலாக்காவைக் கேட்டேன். அது தப்பு. கமலாக்கா மிஷினத் தொடவே இல்லை. நான்தான் கஞ்சித் துணியத் தெரியாமப் போட்டுக் கெடுத்துட்டேன். ரிப்பேர்காரத் தம்பி வந்து சொல்லிட்டாரு."

"அப்படியா. நான் அப்பவே நெனச்சேன், கமலா அப்படிச் செய்யறவ இல்லைன்னு" என்றாள் கற்பகம், கொஞ்சமும் வெட்கம் இல்லாமல். பிறகு கழுத்தை நீட்டினாள். "அது சரி கண்ணு. கஞ்சி நாறாதே. அந்த மூத்திர நாத்தம்?"

பூனை என்று சொல்லியிருக்கலாம். எலி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். பிறகு எத்தனையோ தடவை யோகப்பிரியா அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அவசரத்துக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது பேப்பருக்கு மேலே தெரிந்த நரைத்த தலை மட்டும்தான்.

"என்னுதுதான்" என்றாள். "எனக்குத்தான் கொஞ்ச நாளா... ராத்திரியில அடக்க முடியறதில்லை. வெளியில காயப்போட வெக்கமா இருந்துச்சு. அதான் விடியால யாருக்கும் தெரியாமப் போட்டேன்."

கற்பகத்தின் கண் பெரிதாகியது. அப்புறம் அவள் முகமும் கொஞ்சம் மாறியது, கதை கிடைத்த சந்தோஷத்துக்கு நடுவிலும் ஏதோ தைத்திருக்க வேண்டும். "இதுக்கென்ன கண்ணு வெக்கம். டாக்டரப் பாத்தாச் சரியாப் போயிரும்" என்றாள். கமலாத்தாள் பால் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி யோகப்பிரியாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேப்பர் மடங்கியது. சென்னியப்பன் எழுந்தார். மேடும் பள்ளமுமான வேட்டி சரசரக்க, உள்அறை வாசல் வரைக்கும் நடந்தார். அங்கே நின்றார். திரும்பவில்லை.

"கமலா."

"ஏனுங்."

"இன்னைக்கிருந்து என்ற வேட்டிக்குக் கஞ்சி வேண்டாம்."

"அதென்னுங்க மாமா திடீர்னு? கஞ்சி இல்லாம உங்களப் பாத்ததே இல்லியே" என்று சிரித்தாள் கற்பகம்.

"மிஷினுக்கு ஆகாதாமே" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கற்பகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டிய இரண்டு பேருக்கும் விளங்கியது. கமலாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். போகிறபோது யோகப்பிரியாவின் கையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனாள். அந்தத் தட்டலைத் தாங்கமுடியாமல் யோகப்பிரியா வர்க் ஏரியாவில் போய் நின்றுகொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் பிரதீப் பள்ளிவாசலிலிருந்து கூப்பிட்டு, மிஷின் சரியாகிவிட்டதா என்று கேட்டான். சரியாகிவிட்டது என்றாள். அடுத்த தடவை லீவில் வந்தால் அப்பாவை டாக்டரிடம் ஒரு நடை கூட்டிப் போக வேண்டும், நீதான் போக வேண்டும், நான் வரக் கூடாது என்றாள். ஏன் என்று கேட்டான். வயசாகிறதே என்று மட்டும் சொன்னாள்.

இரண்டொரு நாள் கழித்து, விடிகிற நேரம். யோகப்பிரியா வர்க் ஏரியாவில் குனிந்து, துவைத்த துணியை மிஷினுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணு."

தூக்கிவாரிப் போட்டது. திரும்பினாள். பின்னால் ஒரு கை தூரத்தில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. கஞ்சி இல்லாத வேட்டி காலோடு ஒட்டிக் கிடந்தது. அவர் கால்கள் இவ்வளவு மெலிந்தவை என்று அவளுக்கு இதுவரை தெரியாது. கையில் முறுக்கிப் பிழிந்த ஒரு வேட்டி இருந்தது.

"அலசிட்டேன்" என்றார். "இதையும் அதுல போட்டு உடறியா?"

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வேட்டியை உதறி உள்ளே போட்டாள். மன்னிச்சிருங்க மாமா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எதற்கு மன்னிப்பு என்று சொல்ல வேண்டிவருமே, அது அவருக்கு இன்னும் வலிக்குமே என்று விழுங்கினாள்.

"கஞ்சி போட்டுக்கலாமுங்க மாமா. அலசிட்டுப் போட்டா மிஷினுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அந்தத் தம்பி சொல்லியிருக்காரு. நானே பதமாக் காச்சிப் போடறேன்."

"வேண்டாங் கண்ணு" என்றார் சென்னியப்பன். "இருட்டுல இங்க வாரப்ப எல்லாம், இந்தக் கஞ்சிச் சத்தம் உன்னை எழுப்பிப்போடுமோன்னு வேட்டியச் சுருட்டி ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டுத்தான் வருவேன். இப்பப் பரவால்ல. நடக்கறதே தெரியறதில்ல."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். யோகப்பிரியா பட்டனை அமுக்காமல் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் வரவில்லை. அவர் நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ள அவள் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.